மச்சான் ஏன் இத்தனை ஃபார்வர்டு அனுப்புகிறார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மழை வலுத்தாலே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஏரி உடைந்தது, படகு வேண்டும் என்று தகவல் கொட்டுகிறது. அதிகம் அனுப்புவது பெங்களூரில் இருக்கும் என் மச்சான். முழங்காலளவு தண்ணீரில் நிற்கும் நாங்கள் வாயே திறப்பதில்லை. ஏன் இப்படி?

வாசகர், வேளச்சேரி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் போனில் சார்ஜ் இல்லை, அவருடையதில் இருக்கிறது. பாதிக் காரணம் அதுதான்.

மீதிப் பாதி பழையது. 1934 ஜனவரி 15 பீகார் நிலநடுக்கத்துக்குப் பின் ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் வதந்திகளைத் தொகுத்தார். அதிர்வு தெரிந்தும் சேதமில்லாமல் தப்பிய பகுதிகளில், சந்திர கிரகணத்தன்று மறுபடி பெரிதாக நடுங்கும் என்கிற மாதிரிப் பேச்சுகள் ஓடின. அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் பின்னாளில் இதற்கு விளக்கம் தந்தார்: பயம் வந்துவிட்டது, கண்ணெதிரே சேதம் இல்லை; பயத்துக்கு ஈடாக ஒரு செய்தி தேவைப்பட்டது. வீடு இடிந்தவருக்கு அந்தத் தேவை இல்லை. 2015 டிசம்பரில், தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியபோது, வடநெம்மேலி பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று கிளம்பிய புரளியையும் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். ஆனால் அதே பதைபதைப்புதான் யார் வீட்டில் தங்கலாம், எங்கே சாப்பாடு கிடைக்கும் என்ற பட்டியல்களையும் ராத்திரி முழுக்கத் தொகுக்க வைத்தது.

பொய்யைவிடத் தொல்லை தருவது காலாவதியான உண்மை. 'இப்போதே படகு தேவை' என்ற செய்தி, ஆட்களை மீட்டு இரண்டு நாள் கழித்தும் சுற்றும். படகு காலி வீட்டுக்குப் போகும். வாட்ஸ்அப்பில் நீங்கள் அழித்தாலும் அடுத்தவர் அனுப்பிய பிரதி அழியாது. 2018இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு தடவைக்கு ஐந்து சாட்களுக்கு (ஆளோ குழுவோ) மட்டுமே ஃபார்வர்டு செய்யலாம் என்று கட்டுப்பாடு வந்தது. பலமுறை கைமாறியதற்கு இரட்டை அம்புக்குறியும் விழும். எழுத்தை காப்பி செய்து ஒட்டினால் அந்தக் குறி போய்விடும்.

எனவே 'இன்று', 'இப்போது' வேண்டாம். 'டிசம்பர் 4, மாலை 4.10' என்று தொடங்கி தெரு, அடையாளம், எத்தனை பேர், எந்த மாடி, என்ன மருந்து என்று எழுதுங்கள். ஃபேஸ்புக்கில் போட்டு, ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல் இணைப்பை மட்டும் அனுப்புங்கள். மீட்டதும் முதல் வரியில் 'மீட்கப்பட்டனர்' என்று திருத்தலாம், இணைப்பைத் திறப்பவர் எல்லோருக்கும் தெரியும். 1070 (மாநிலம்), 1077 (மாவட்டம்) பேரிடர் உதவி எண்களுக்குப் பேசுவதை மச்சானிடம் விடுங்கள். பெங்களூரிலிருந்து கூப்பிடும்போது சென்னை எஸ்.டி.டி. கோடு சேர்க்கச் சொல்லுங்கள்.

தொடர்பு எண்ணாக உங்களுடையதைப் போடாதீர்கள். 'இன்னும் உதவி வேண்டுமா?' என்று விசாரிக்கிறவர்களே மிச்சமிருக்கும் சார்ஜைத் தீர்த்துவிடுவார்கள். மச்சான் எண்ணைப் போடுங்கள்.