மாணவர் மன்றத்தில் பொறுப்பாசிரியரின் வேலை என்ன?

நிகழ்ச்சியை அவரே நடத்துவதா, கையெழுத்து போட்டால் போதுமா என்பது கேள்வி. இரண்டும் இல்லை. முடிவெடுப்பது மாணவர்கள், அது விதிக்கு உட்பட்டதா, பணம் இருக்கிறதா, யாருக்காவது அடிபட வாய்ப்புண்டா என்று முன்கூட்டியே கேட்பவர் பொறுப்பாசிரியர். கூட்டத்தில் அவர் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் அதோடு விவாதம் முடிந்தது. கடைசியில் பேசுவதே நல்லது.

பெரும்பாலும் இடறுவது பணத்தில். வசூல் பொருளாளரின் சொந்தக் கணக்குக்குப் போகக் கூடாது. மாதம் ஒருமுறை ரசீது, கணக்கு நோட்டு, வங்கி அறிக்கை மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 40 டிக்கெட் விற்றதாக எழுதி, 36-க்கான தொகைதான் வரவில் இருக்கிறதா? அந்த வாரமே கேட்டால், "நாலு பேர் இன்னும் தரவில்லை" என்று பதில் வரும். ஆண்டு இறுதியில் கேட்டால் பொருளாளர் மேல் சந்தேகம்தான் மிஞ்சும். தொகை நிரப்பாத காசோலையில் எவ்வளவு அவசரமானாலும் கையெழுத்திட வேண்டாம்.

துன்புறுத்தல் புகாரோடு யாராவது வந்தால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பல நிறுவனங்களில் அதை உரிய குழுவுக்குத் தெரிவிப்பது கட்டாயம். புகாரைக் கேட்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

நிர்வாகிகள் மாறும்போது பழையவரும் புதியவரும் 2 வாரமாவது சேர்ந்து வேலை பார்க்கட்டும். மன்றத்தின் மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றினால் போதாது. கணக்கை மீட்கக் கொடுத்திருக்கும் போன் எண்ணையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் படிப்பு முடித்துப் போனவரின் போனுக்கே சரிபார்ப்புக் குறியீடு போய்க்கொண்டிருக்கும்.