செம்பனை ஓரத்துல கம்பிக் கண்ணி: யார்கிட்ட சொல்றது?

கேள்வி: வணக்கம்ணே, நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துல வேலை பாக்குறேன். காட்டு ஓரத்து செம்பனை வரிசையில கம்பிக் கண்ணி கட்டிக் கெடக்கு, ராத்திரில தெரியாத மோட்டார் வேற வந்து போவுது. போலீஸ் இதெல்லாம் கேப்பாங்களா, இல்ல வனவிலங்கு இலாகா பெர்ஹிலித்தான் வேலையா? (தோட்ட வாசகர்)

பதில்: தம்பி, ரெண்டு பேரு வேலையும்தான். காட்டு மிருக வேட்டைய தடுக்க 2019-ல தொடங்குன ஒப்பராசி பெர்செபாடு கசானாங்கிற கூட்டு நடவடிக்கையில போலீசும் பெர்ஹிலித்தானும் சேர்ந்துதான் காட்டுக்குள்ள போறாங்க, ஏன்னா பெர்ஹிலித்தானுக்கு ஆள் பத்தாது, போலீசுக்கு மிருகத்தோட தடம் அவ்வளவா தெரியாது, அதனால ஒருத்தர் தகவல் இன்னொருத்தருக்கு கண்டிப்பா வேணும். ஓராங் அஸ்லி பூர்வகுடி ஆளுங்க இருக்கிற சேனோய் பிராக் போலீஸ் படையும் இதுல இருக்கு, காட்ட அவங்கள விட யாருக்கு தெரியும் சொல்லுங்க.

நீங்க கண்ணிய தொடாதீங்க, அவுக்கவும் வேணாம். மோட்டார் கிளச் கேபிள்ல பண்ணுற கண்ணி பன்றிக்குன்னு வச்சாலும் புலி கால்லயும் மாட்டும், நம்ம நாட்டுல காட்டுப்புலி 150 கூட இல்ல தம்பி, நெனச்சாலே வயிறு எரியுது. எடம் தெரியுற மாதிரி போட்டோ, மோட்டார் நம்பர், வர்ற நேரம், இத பாலாய்லயோ (போலீஸ் ஸ்டேஷன்) பெர்ஹிலித்தானோட 1-800-88-5151 நம்பர்லயோ சொல்லுங்க. தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்ல மட்டும் போட்றாதீங்க, வச்சவன் காதுக்கு போயி மறுநாளே எடம் மாத்திருவான். வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்தோட 2022 திருத்தத்துக்கு அப்புறம் அபராதம் 10 லட்சம் வெள்ளி, ஜெயில் 15 வருஷம் வரைக்கும் போகலாம்.