கைவேலை கேள்வி பதில்: முடி முடியா இருக்கிற நூல்ல ஸ்கார்ஃப்

கேள்வி: அக்கா, நான் கனடாவில ஸ்கார்பரோவில இருக்கிறன். மகளுக்குக் குளிருக்கு ஸ்கார்ஃப் பின்னுவம் எண்டு கண்ணிமை மாதிரி முடி நிக்கிற ஐலாஷ் நூல் வாங்கினனான். ரெண்டாவது வரிசையில ஊசிய எங்க குத்துறதெண்டே தெரியேல்லை. பிரிச்சா சிக்குது. என்ன செய்யலாம்?

பதில்: இந்த நூல்ல யாருக்குமே கண்ணி தெரியாதும்மா, உங்க கை மேல தப்பே இல்ல. நடுவுல மெல்லிசா ஒரு இழை, அதுலேர்ந்து பாலியஸ்டர் முடி நீட்டிக்கிட்டு நிக்கும், அது கண்ணிய மூடிடும். அதனால கண்ணால தேடுறத விட்டுட்டு விரலால தடவிப் பாருங்க. அதே கலர்ல சாதாரண டபுள் நிட் (நடுத்தரத் தடிமன்) உல்லன் ஒண்ணு வாங்கி ரெண்டு இழையையும் ஒண்ணா புடிச்சுப் போடுங்க, விரலுக்குத் தட்டுப்பட ஏதாவது வேணும்ல. குரோஷே ஊசி, அதாவது முனையில கொக்கி இருக்கிற ஊசி, 8 எம்எம்.

14 சங்கிலி போட்டு முதல் வரிசைய வெறும் உல்லன்லயே முடிச்சிடுங்க, ஐலாஷ அப்புறம் சேர்த்துக்கலாம். ஊசிலேர்ந்து நாலாவது சங்கிலில ஆரம்பிச்சு டபுள் குரோஷே (ஊசில நூல ஒரு சுத்து சுத்திப் போடுற உயரமான கண்ணி, இதத்தான் தூண்னு சொல்றேன்) போட்டா, மொதல்ல விட்ட மூணு சங்கிலியையும் சேர்த்து 12 தூண் வரும். அமெரிக்கக் கணக்குல சொல்றேன், பிரிட்டிஷ் பேட்டர்ன்ல இதையே ட்ரெபிள்னு போட்டிருப்பாங்க. அடுத்த வரிசைலேர்ந்து தூணோட தலையில குத்தாதீங்க, ரெண்டு தூணுக்கு நடுவுல இருக்கிற சந்துல குத்துங்க, ஆள்காட்டி விரல பின்னாடி வச்சு அழுத்தினாலே அந்த சந்து தெரிஞ்சிடும். 12 தூணுக்கு 11 சந்து, திரும்பும்போது போடுற மூணு சங்கிலிய ஒரு தூணா எண்ணிக்கிட்டா மறுபடி 12, அகலம் மாறவே மாறாது. ஒவ்வொரு வரிசையும் முடிச்சதும் எண்ணிடுங்க.

நடுவுல ஒண்ணு விட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா பிரிக்கவே பிரிக்காதீங்க! அடுத்த வரிசையில ஒரே சந்துல ரெண்டு போட்டா சரியாயிடும், முடி மூடிக்கும். பிரிச்சே ஆகணும்னா இழுக்காம ஒவ்வொரு கண்ணியா மெதுவா கழட்டுங்க. 5 அடி வந்ததும் நிறுத்திட்டு, உள்ள மாட்டியிருக்கிற முடிய பெரிய பல் சீப்பால லேசா வெளிய எடுத்து விடுங்க, அப்பதான் அந்த புசுபுசுப்பு வரும். விசிறி, பூ டிசைனெல்லாம் இந்த நூலுக்கு வேணாம், முடிக்குள்ள எல்லாமே மறைஞ்சு உழைப்பு வீணாப்போகும்னு எனக்குத் தோணும்.

மகள் கைக்குழந்தையா இருந்தா மட்டும் இந்த நூல் வேணவே வேணாம், முடி வாய்க்குள்ள போகும்.

கேள்வி: வலை ரிப்பன் மாதிரி அகலமா ஒரு நூல், அத ஸ்கார்ஃபா போட்டா ஃப்ரில் ஃப்ரில்லா தொங்குமாமே, எப்படி? குன்னூர் வாசகி

பதில்: அது ரஃபிள் நூல். நல்லா விரிச்சுப் புடிச்சுக்கிட்டு மேல் ஓரத்துல இருக்கிற ஓட்டைல மட்டும் ஊசிய விட்டு இழுக்கணும், ஒரு ஓட்டை விட்டு ஒரு ஓட்டைன்னு போனா சுருக்கம் அழகா விழும். அஞ்சாறு கண்ணி அகலமே போதும். வெட்டின முனை பிரியும், ரெண்டு மடிப்பு மடிச்சு அதே கலர் தையல் நூலால தச்சிடுங்க.

கேள்வி: வெல்வெட் நூல்ல ஸ்கார்ஃப் போட்டேன், அங்கங்க வளையம் வளையமா தூக்கிக்கிட்டு நிக்குது. அயர்ன் பண்ணா படிஞ்சிடுமா மேடம்? கோவை வாசகர்

பதில்: அயர்ன் பாக்ஸ் கிட்டயே கொண்டு போகாதீங்க சார். இப்ப கடையில கிடைக்கிற வெல்வெட் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர்தான், சூடு பட்டா நசுங்கி பளபளன்னு ஆயிடும், திரும்ப எழும்பவே எழும்பாது. கண்ணி தளர்வா இருக்கிறதாலதான் நூல் நழுவி வெளிய வருது. மேல சொன்ன 8 எம்எம் கணக்கு இதுக்கு ஆகாது, லேபிள்ல போட்டிருக்கிறத விட ஒரு சைஸ் சின்ன ஊசி எடுத்து இறுக்கமா சிங்கிள் குரோஷே (நூல் சுத்தாம போடுற குட்டைக் கண்ணி) போடுங்க. இப்ப இருக்கிற ஸ்கார்ஃபுக்கு, தூக்கிட்டு நிக்கிற வளையத்த ஊசி முனையால பக்கத்துக் கண்ணிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமா தள்ளி விட்டுப் பாருங்க, முக்கால்வாசி அடங்கிடும். துவைக்கும்போது பச்சத்தண்ணில கொஞ்சம் ஷாம்பு விட்டு அலசி, முறுக்காம டவல்ல சுருட்டி அழுத்திட்டு நிழல்ல தட்டையா விரிச்சுக் காயப்போடுங்க. கொடில தொங்க விட்டா ஈர வெயிட்டுக்கு ஸ்கார்ஃப் நீண்டு, கண்ணி இன்னும் தளர்ந்துடும்.