ஈக்களைப் படிக்கப் போகிறேன் என்று மகள் சொன்னால்

கடிதம் கிடைத்தது, அம்மா. மகள் பூச்சியியல் படிப்பதைக்கூட ஏற்றுக்கொள்வீர்கள், ஆனால் அதிலும் ஈக்களை வகைப்படுத்தும் வேலைதான் வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நிற்பது உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். "புது ஈ ஒன்றுக்குப் பெயர் வைத்தால் சோறு போடுமா?" என்ற கேள்வியும் நியாயமானதுதான். பெயர் வைப்பது சோறு போடாது. ஆனால் அந்தப் பெயரை வைப்பதற்கு முன்னால் அவள் ஒரு திறமையைக் கற்றுக்கொள்வாள், அது போடும். அந்தத் திறமை என்னவென்று தெரிந்தால் அவளோடு பேசுவது உங்களுக்கு எளிதாகும்.

புது ஈயைக் கண்டுபிடிப்பது நாம் நினைக்கிற அளவுக்கு அரிதான காரியம் இல்லை. இரண்டே இறக்கை கொண்ட இந்தப் பூச்சி வரிசையில், கொசுக்களையும் சேர்த்து, இதுவரை ஏறத்தாழ 1,60,000 இனங்களுக்குப் பெயர் இருக்கிறது. பெயர் இல்லாதவை இன்னும் ஏராளம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பொறிகளை வைத்துப் பிடித்த ஈக்களிலிருந்து 2015-ல் 30 புதிய இனங்களை விவரித்தார்கள். முப்பதும் மெகாசீலியா என்ற ஒரே பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் ஒரே குழு. அடர்ந்த காட்டுக்குள் போய்ப் பிடித்ததல்ல, பெரும்பாலும் வீட்டுத் தோட்டங்களில் கிடைத்தது. பாடகி பியான்சேயின் பெயரைத் தாங்கிய ஆஸ்திரேலிய ஈ ஒன்று உண்டு. வயிற்றுப் பகுதி பொன்னிறமாக மின்னும். அதைப் பிடித்தது 1981-ல், பெயர் கிடைத்தது 2011-ல். ஓர் உயிரினத்தைச் சேகரித்த நாளுக்கும் அதற்குப் பெயர் கிடைக்கும் நாளுக்கும் இடையே சராசரியாக 21 ஆண்டுகள் ஓடிவிடுகின்றன என்று 2012-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

ஏன் இவ்வளவு காலம்? ஈ கையில் இருக்கிறது, ஆனால் "இது மற்றதில்லை" என்று நிரூபிக்க ஆள் இல்லை. அந்த ஆளாகத்தான் உங்கள் மகள் ஆக விரும்புகிறாள்.

விலங்குகளுக்குப் பெயரிடப் பன்னாட்டு விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது. 1930-க்குப் பின் வெளியிடும் எந்தப் பெயரோடும், அந்த இனத்தை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்தும் பண்புகளைச் சொற்களால் எழுதியிருக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. 1999-க்குப் பிறகு இன்னும் கறார். ஹோலோடைப் எனப்படும் மூல மாதிரி (அந்தப் பெயருக்கு ஆதாரமாக நிற்கும் ஒற்றைப் பூச்சி) எது, அது எந்தச் சேகரிப்பில் பாதுகாக்கப்படும் என்பதையும் குறிப்பிட வேண்டும். கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. செய்யும்போது பாருங்கள்: அந்தப் பேரினத்தில் ஏற்கெனவே பெயர் பெற்ற ஒவ்வொரு உறவுக்கார ஈயையும் அவள் படித்தாக வேண்டும். பழைய விவரணைகள் லத்தீனிலும் ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் இருக்கும், நான்கே வரியில் முடிந்திருக்கும், அல்லது தவறாகவே இருக்கும். அப்புறம் அருங்காட்சியகங்களிலிருந்து மூல மாதிரிகளை வரவழைத்தோ நேரில் போயோ பார்க்க வேண்டும்.

பல ஈக்களில் இறக்கை நரம்பும் உடல் மயிரின் அமைப்பும் மட்டும் போதாது. ஆணின் வயிற்று நுனியைத் துண்டித்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து, தசை கரைந்தபின் மிஞ்சும் இனப்பெருக்க உறுப்பைக் கிளிசரினில் வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள், வரைவார்கள். ஆய்வகங்களில் எல்லாருக்கும் பழக்கமான பழ ஈயான டுரோசோபிலா மெலனோகாஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு அசப்பில் ஒன்றாகவே தெரிந்த இன்னொரு ஈயை 1919-ல் ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டவன்ட் என்ற அமெரிக்க மரபியலாளர் பிரித்தார். இரண்டையும் இணையவிட்டால் பிறக்கும் குஞ்சுகள் மலடாக இருந்தன, அதுவும் ஏதாவது ஒரு பால் மட்டுமே பிறந்தது. டுரோசோபிலா சிமுலன்ஸ் என்று பெயர் வைத்தார். ஆண்களை அந்த உறுப்பின் வடிவத்தால் பிரித்துவிடலாம். பெண்களைப் பிரிப்பது இன்றைக்கும் சிரமம்தான்.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று உங்கள் கணவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் உயிருள்ள கால்நடைகளின் புண்ணில் முட்டையிட்டுச் சதையைத் தின்னும் ஈயையும், பெரும்பாலும் செத்த உடல்களில் வளரும் அதன் உறவுக்கார ஈயையும் நெடுங்காலம் ஒன்று என்றே எண்ணியிருந்தார்கள். 1933-ல் எமரி குஷிங், வால்டர் பேட்டன் என்ற இருவர் இவை வேறு வேறு என்று காட்டினார்கள். தாங்கள் பிரித்த ஈ புதியது என்று நினைத்து அவர்கள் வைத்த பெயர் நிற்கவில்லை. 1858-லேயே கொக்கெரல் என்ற பிரெஞ்சு மருத்துவர் அதற்கு ஹோமினிவோராக்ஸ் என்று பெயர் வைத்திருந்தார். பெயர் போனது, வேறுபாடு நின்றது. எதிரி எது என்று தெளிவான பிறகுதான் அதன் வாழ்க்கை முறையைத் தனியாகப் படிக்க முடிந்தது. கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண் ஈக்களை விட்டு 1954-ல் கரீபியன் கடலிலுள்ள குராசோ தீவில் அதை ஒழித்தார்கள். அந்த வழிமுறைக்காக எட்வர்ட் நிப்லிங், ரேமண்ட் புஷ்லாண்ட் இருவருக்கும் 1992-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

மறுபக்கமும் உண்டு. பிரிக்கக் கூடாததைப் பிரித்தாலும் விலை கொடுக்க வேண்டியிருக்கும். ஆப்பிரிக்காவில் பரவிய ஒரு பழ ஈக்கு 2005-ல் பாக்ட்ரோசெரா இன்வாடன்ஸ் என்று தனிப் பெயர் வைத்தார்கள். பழ ஏற்றுமதியில் ஒரு ஈயின் பெயர் மாறினால் பூச்சி நாடுவிட்டு நாடு பரவாமல் தடுக்கும் தனிமைப்படுத்தல் விதியும் மாறும். பின்னர் பல நாட்டு ஆய்வாளர்கள் உடலமைப்பு, இணைசேர்க்கை, மரபணு, வாசனைச் சேர்மம் எல்லாவற்றையும் ஒப்பிட்டு, அது ஆசியாவில் பழகிப்போன பாக்ட்ரோசெரா டோர்சாலிஸ்தான் என்று 2015-ல் எழுதினார்கள். அதே ஆய்வில் காரம்போலே என்ற உறவுக்கார ஈ மட்டும் தனி இனமாகவே நின்றது. இரண்டு பொருள்களை வைத்துக்கொண்டு "ஒன்றா, வேறா" என்று ஆதாரத்தோடு சொல்வதுதான் நான் சொன்ன திறமை.

சரி, வேலை. வகைப்பாட்டியலாளர் என்ற பெயரிலேயே இருக்கும் பணியிடங்கள் எங்கும் குறைவு. அருங்காட்சியகங்களிலும் சில பல்கலைக்கழகங்களிலும் இருக்கும், போட்டி கடுமை, நிரந்தரப் பணி கிடைக்க ஆண்டுகள் ஆகும். இதை அவளிடம் மறைக்காதீர்கள். ஆனால் அதே கண் தேவைப்படும் இடங்கள் வேறு நிறைய உண்டு. துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் பயிர்ப் பூச்சிகளை இனங்காணும் தனிமைப்படுத்தல் பிரிவு, கொசுவழி நோய்களைக் கண்காணிக்கும் பொதுச் சுகாதாரத் துறை, பயிர்ப் பூச்சிகளை இயற்கை எதிரிகளால் கட்டுப்படுத்தும் ஆய்வு ஆகியவற்றைச் சொல்லலாம். தடயவியலையும் சொல்லியாக வேண்டும். சடலத்தில் இருக்கும் ஊன் ஈயின் புழுவை வைத்து இறந்த நேரத்தைக் கணிக்கிறார்கள். ஒவ்வொரு இனமும் வளரும் வேகம் வேறு என்பதால், இனத்தைத் தவறாகச் சொன்னால் நேரமும் தவறும். ஆகவே நான் சொல்வது: ஏதோ ஒரு ஈக் குடும்பத்தை அவள் மனதுக்குப் பிடித்துப் படிக்கட்டும், கூடவே பழ ஈ, கொசு, ஊன் ஈ போல மனிதர்களுக்குத் தேவைப்படும் ஒரு குழுவையும் கையில் வைத்திருக்கட்டும்.

டி.என்.ஏ. வந்துவிட்டதே, இனி நுண்ணோக்கி எதற்கு என்று அவளுடைய ஆசிரியர் ஒருவர் சொன்னாராம். 2003-லிருந்து விலங்குகளுக்கு 658 எழுத்து நீளமுள்ள ஒரு மரபணுத் துண்டை அடையாளக் குறியாகப் பயன்படுத்துகிறார்கள். மிகவும் பயனுள்ளது. ஆப்பிரிக்காவில் மலேரியா பரப்பும் அனாபிலஸ் காம்பியே குழுவிலுள்ள கொசுக்களை வெளித்தோற்றத்தால் நம்பகமாகப் பிரிக்கவே முடியாது, அவற்றைப் பிரிக்க மரபணுச் சோதனைதான் வழி. ஆனால் மரபணு "இங்கே இரண்டு கூட்டம் இருக்கிறது" என்று மட்டும் சொல்லும். நூறு வருடத்துக்கு முன் வைத்த பெயர் அந்த இரண்டில் எதற்குச் சொந்தம் என்பதை மூல மாதிரியைப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். இரண்டையும் தெரிந்தவருக்கே இன்று மதிப்பு. எனவே மூலக்கூறு உயிரியலையும் புள்ளியியலையும் அவள் தட்டிக்கழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். படம் வரைவாள் என்று எழுதியிருந்தீர்கள், அதை விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இளநிலையில் விலங்கியலோ வேளாண்மையோ எடுக்கட்டும், இப்போதே குறுக வேண்டாம். முதுநிலைக்குக் கல்லூரியின் பெயரை விட, அங்கே ஈக்களைப் படிக்கும் வழிகாட்டி இருக்கிறாரா, ஊசியில் குத்திய மாதிரிகளின் சேகரிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

அதற்குள் வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். ஒரே மாதிரித் தெரியும் இரண்டு ஈக்களை அவள் எடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து, வேறுபாடுகளை ஒரு பக்கத்துக்கு எழுதட்டும். நீங்கள் அதைப் படித்துவிட்டு, அவள் எழுதியதை மட்டும் வைத்து எது எந்த ஈ என்று கண்டுபிடிக்க முயலுங்கள். முடியவில்லை என்றால் அவளிடமே சொல்லுங்கள். அவள் சலித்துக்கொள்கிறாளா, மறுபடியும் ஈயைப் பார்க்கப் போகிறாளா என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்.