ஆப் நிறையப் போட்டால் போன் மெதுவாகிவிடுமா?

ஆப் போடப் போட போன் மந்தமாகிக்கொண்டே வருகிறதே, அதுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆப்களின் எண்ணிக்கை காரணமில்லை. போட்டதோடு சரி, திறப்பதே இல்லை, பின்னணியிலும் ஓடவில்லை என்றால், அந்த ஆப் ஸ்டோரேஜில் இடம் பிடித்துக் கிடக்கும், அவ்வளவுதான்.

தொல்லை, சும்மா கிடக்காத ஆப்களால் வருகிறது. ஷாப்பிங், செய்தி, கேம் என்று பல ஆப்கள் நாம் திறக்காதபோதும் எழுந்து நோட்டிஃபிகேஷன் தேடும், லொகேஷன் பார்க்கும். இதைக் கட்டுப்படுத்தத்தான் 2015இல் ஆண்ட்ராய்டு 6இல் டோஸ் வந்தது. போன் சும்மா கிடக்கும்போது ஆப்களின் பின்னணி வேலையைத் தள்ளிப்போடும் வசதி அது. 2017இல் ஆண்ட்ராய்டு 8 பின்னணி வேலைகளுக்கு இன்னும் கடுமையான வரம்பு போட்டது. அப்படியும் 3 ஜிபி, 4 ஜிபி ரேம் (ஓடிக்கொண்டிருக்கும் ஆப்களைத் தாங்கும் தற்காலிக மெமரி) உள்ள போன்கள் திணறத்தான் செய்கின்றன. ஒரு கால் பேசிவிட்டுத் திரும்பினால் பார்த்துக்கொண்டிருந்த ஆப் முதலிலிருந்து லோட் ஆகிறதா? ரேம் போதவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது ஸ்டோரேஜ். பலரும் கவனிக்காத இடம் இது. போனில் இருப்பது ஃபிளாஷ் மெமரி. பழையதன் மேலேயே புதியதை எழுத அதனால் முடியாது. பிளாக் எனப்படும் ஒரு பகுதியை முழுவதும் அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். காலி இடம் இருந்தால் இந்த வேலை நமக்குத் தெரியாமல் நடந்துவிடும். நிரம்பி வழியும்போது, இருப்பதை இடம் மாற்றி, அழித்து, பிறகு எழுத வேண்டியிருப்பதால் போட்டோ எடுத்தால்கூட இழுக்கும். என் அம்மாவின் போனில் ஆப்கள் மிகக் குறைவு. இடத்தை அடைத்திருந்தவை குடும்ப குரூப்களில் வந்த காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும்தான். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', அதற்குள் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' போய்ப் பெரிய ஃபைல்களை அழித்த பிறகு நன்றாக ஓடுகிறது.

ரேம் பூஸ்டர், கிளீனர் என்று வரும் ஆப்களைத் தயவுசெய்து போடாதீர்கள். அவை மூடுவதில் பலவற்றை ஆண்ட்ராய்டு மறுபடி திறக்கத்தான் போகிறது, வீணாவது பேட்டரி.

பழைய போன் என்றால் பேட்டரியையும் பாருங்கள். பேட்டரி தேய்ந்த சில ஐபோன்கள் திடீரென அணைந்துவிடாமல் இருக்க அவற்றின் வேகத்தைக் குறைத்ததாக ஆப்பிளே 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அங்கே ஆப்களை நீக்கி என்ன பயன்?

உங்கள் போனில் எது காரணம் என்று கண்டுபிடிக்க சேஃப் மோடு உதவும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் பவர் மெனுவில் வரும் 'பவர் ஆஃப்' பட்டனை அழுத்திப் பிடித்தால் சேஃப் மோடுக்குப் போகவா என்று கேட்கும். அதில் நீங்கள் போட்ட ஆப் எதுவும் ஓடாது. அப்போது போன் விறுவிறுப்பாக இருந்தால், சாதாரண மோடுக்குத் திரும்பி, கடைசியாகப் போட்டதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். சேஃப் மோடிலும் மந்தம் என்றால் ஆப்களை விட்டுவிடுங்கள். ஸ்டோரேஜில் எவ்வளவு காலி இருக்கிறது என்று பாருங்கள்.