பாடத்திட்டம் மாறினால் பாட்டு என்னவாகும்?

கேள்வி: என் மகள் 10ஆம் தரத்தில் படிக்கிறாள். வட இலங்கை சங்கீத சபையின் நான்காம் தரப் பரீட்சையில் சித்தியடைந்திருக்கிறாள். மருதனார்மடத்தில் வாய்ப்பாட்டுப் பட்டம் படிப்பதே அவளின் ஆசை. கல்விச் சீர்திருத்தம் என்று எல்லாம் மாறிக்கொண்டிருக்கையில் அவளை அந்த வழியில் விடலாமா?
- ஒரு தாய், முள்ளியவளை

பதில்: விடலாம் அம்மா. தயக்கமின்றிச் சொல்கிறேன். ஆனால் இப்போதே சில ஆயத்தங்கள் தேவை.

உங்கள் மகள் விரும்பும் மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகம் 1975இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்த நாள் முதலே, குருவின் முன்னிருந்து ஆண்டுக்கணக்காகக் கேட்டுப் பழகும் வித்தையைப் பரீட்சை அட்டவணைக்குள் அடக்குவது எப்படி என்ற சிக்கல் தொடர்கிறது. பட்டங்களின் தரத்தை வரையறுக்க 2012இல் வந்த இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட். வகுப்பும் சொந்தப் படிப்புமாகக் கிரெடிட் ஒன்றுக்கு 50 மணித்தியாலம். மொத்தம் 6000 மணித்தியாலம் என்பது பெரிதாகத் தோன்றினாலும், எழுத்துப் பாடங்களுக்கான நேரமும் அதற்குள்ளேதான் வருகிறது. தோடி ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: அதன் காந்தாரம் என்ற சுரம், அதற்குக் கீழுள்ள ரிஷபத்துக்கும் மேலுள்ள மத்திமத்துக்கும் இடையே அசைந்தபடியே நிற்க வேண்டும். 15 வார அரையாண்டில் ஒரு கீர்த்தனையைப் பாடமாக்கிப் புள்ளி வாங்கிவிடலாம். அந்த அசைவு தொண்டையில் படிய அது போதாது.

ஆகவே அடித்தளம் பாடசாலைக் காலத்திலேயே விழ வேண்டும். சீர்திருத்தத்தின் பெயரால் அழகியற் பாடங்களுக்கான நேரம் குறைக்கப்பட்டால், தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையே திருந்தாத பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக விரிவுரையாளர் முதலாண்டில் அதைத்தான் திருத்திக்கொண்டிருப்பார். சங்கீத ஆசிரியரே இல்லாத பாடசாலைகள் உள்ள வன்னியில் இந்த இழப்பு இரட்டிப்பாகும். இதை நான் மிகுந்த கவலையோடு எழுதுகிறேன். உங்கள் ஊரின் கோவலன் கூத்துப் பாடல்களும் பட்டப்படிப்பில் முறையான பாடமாக வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். பாடத்திட்டத்தைத் திருத்துகிறவர்கள் இதையும் எண்ணிப் பார்க்கட்டும்.

மகள் விடியற்காலையில் சுருதிப் பெட்டியோடு அகார சாதகம் (சுரங்களை 'ஆ' என்று பாடிப் பழகுதல்) செய்யட்டும். தெரிந்த வர்ணங்களை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகங்களிலும், பாடட்டும். சபைச் சான்றிதழ் நல்ல பயிற்சிக்கு அடையாளமே தவிர, உயர்தரப் பெறுபேற்றுக்கு ஈடாகாது. உயர்தரத்தில் கர்நாடக சங்கீதம் கற்பிக்க உங்கள் பாடசாலையில் ஆசிரியர் இருக்கிறாரா என்பதை அதிபரிடம் இந்தத் தவணையிலேயே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால், அந்தப் பாடம் உள்ள பாடசாலையைத் தேட இன்னும் ஓராண்டுக்கு மேல் கையில் இருக்கிறது.