சாக் எங்கே பிறக்கிறது? அமெரிக்க ஃபுட்பால் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, என்எஃப்எல் இந்த வருஷம்தான் பார்க்க ஆரம்பித்தேன். குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்குள் அவரைச் சாய்த்தால் சாக், அது புரிகிறது. வர்ணனையில் ‘கவரேஜ் சாக்’ என்று தனியாகச் சொல்கிறார்களே, அது என்ன?

பதில்: ஸ்னாப் ஆனதும், அதாவது பந்து பின்னால் குவார்ட்டர்பேக் கைக்கு வந்ததும், மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று சொல்வதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்கும். அதற்குள் சாய்த்துவிட்டால் அது தடுப்பணி முன்வரிசையின் உழைப்பு. மூன்றைத் தாண்டியும் பந்து கையிலேயே இருந்தால், எறிய ஆள் கிடைக்கவில்லை என்று அர்த்தம். பந்தைப் பிடிக்க ஓடும் முதல் ரிசீவரை குவார்ட்டர்பேக் பார்க்கிறார், அவரைக் காக்கும் தடுப்பாட்டக்காரரான கார்னர் ஒட்டிக்கொண்டே ஓடுகிறார். இரண்டாமவரைப் பார்க்கிறார், அங்கேயும் அதே கதை. கால் நிலைகொள்ளாமல் தவிக்கும். முதல் மோதலில் தடுக்கப்பட்ட டிஃபென்சிவ் எண்ட்கூட (முன்வரிசை ஓரத்து ஆள்) அந்த இடைவெளியில் சுற்றி வந்து பிடித்துவிடுவார். இதுதான் கவரேஜ் சாக். கணக்கில் சாக் அவர் பெயரில் ஏறும். என்னைக் கேட்டால் பாதி அந்தக் கார்னருக்குச் சேர வேண்டும்.

கேள்வி: எப்போதிலிருந்து சாக்கைக் கணக்கு வைக்கிறார்கள்?

பதில்: வீரர்களுக்கு அதிகாரபூர்வமாக 1982 முதல். அதனால் டீக்கன் ஜோன்ஸ் போன்ற பழைய ஜாம்பவான்களின் சாக்குகள் அந்தப் பட்டியலில் இல்லை. எனக்கு அது இன்றும் வருத்தம்தான்.

கேள்வி: ரஷ் (குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்வது), கவரேஜ் (ரிசீவர்களைக் காப்பது) இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் எதில் போடலாம்?

பதில்: நான் ரஷ்ஷில் போடுவேன். உதவியில்லாமல் நெருக்கடி கொடுக்கக்கூடிய நான்கு பேர் கிடைத்தால், மீதி ஏழு பேரும் பின்னால் நிற்கலாம். பந்து பிடிக்க ஓடுகிறவர்கள் அதிகபட்சம் ஐந்து பேர். 2025 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌலை (என்எஃப்எல் இறுதி ஆட்டம்) எடுத்துக்கொள்ளுங்கள். விக் ஃபாஞ்சியோ பயிற்றுவித்த ஃபிலடெல்ஃபியா தடுப்பணி அன்று ஒரு முறைகூட பிளிட்ஸ், அதாவது வழக்கமான நால்வருக்கு மேல் ஆள், அனுப்பவில்லை. ஆனாலும் எதிரணி கன்சாஸ் சிட்டியின் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் ஆறு தடவை தரையில் விழுந்தார். ஜாஷ் ஸ்வெட் மட்டும் 2.5 சாக். ஆட்டத்தை ஃபிலடெல்ஃபியா 40-22 என்று வென்றது.

கேள்வி: ஆளைக் கூட்டி பிளிட்ஸ் அடித்தால் சாக் அதிகமாகாதா?

பதில்: அதிகமாகலாம். ஆனால் முன்னால் அனுப்பும் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஓர் ஆள் குறைகிறார். நல்ல குவார்ட்டர்பேக் செய்வது எளிமையானது: பிளிட்ஸ் எங்கிருந்து கிளம்பியதோ, காலியான அந்த இடத்துக்கே பந்தை எறிவார். இதைத்தான் பயிற்சியாளர் டிக் லெபோ தன் ஸோன் பிளிட்ஸில் பொறியாக மாற்றினார். முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரை உள்ளே அனுப்பிவிட்டு, வழக்கமாக முட்டி மோதும் எண்ட்டைப் பின்வாங்கச் சொல்வார். பாய்ந்து வருவது அப்போதும் நான்கைந்து பேர்தான். யார் வருவார்கள் என்பதுதான் தெரியாது. காலி என்று நினைத்த இடத்தில் ஒரு பெரிய உருவம் நிற்பதைக் கண்டு எறிவதா வேண்டாமா என்று தயங்கினால், அந்தத் தயக்கத்திலேயே லைன்பேக்கர் வந்து விழுந்திருப்பார்.

கேள்வி: டிவியில் பார்க்கும்போது கார்னரின் பங்கை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஸ்னாப் ஆன முதல் ஒரு நொடி பந்தைப் பார்க்காதீர்கள், ஓரத்தில் நிற்கும் ரிசீவரைப் பாருங்கள். முதல் ஐந்து கெஜத்துக்குள் அவர் மேல் கை வைக்க விதி அனுமதிக்கிறது. நல்ல கார்னர் நெஞ்சில் ஒரு தள்ளு தள்ளுவார். ரிசீவர் அரை நொடி தாமதமாகத் திரும்புவார். பின்வாங்கி வந்த குவார்ட்டர்பேக் கடைசி அடியை ஊன்றும்போது ரிசீவரின் முதுகுதான் தெரியும். அந்த அரை நொடி, ரஷ்ஷில் தேர்ந்த டென்வரின் வான் மில்லர் மாதிரி ஆளுக்கு இரண்டு மூன்று எட்டு வைக்கப் போதும். 2016 பிப்ரவரியில் டென்வர் கரோலினாவை வென்ற சூப்பர் பௌலில் அவர் கரோலினா குவார்ட்டர்பேக் கேம் நியூட்டன் கையிலிருந்து பந்தை இரண்டு தடவை தட்டிப் பறித்ததைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அகீப் தலிப், கிறிஸ் ஹாரிஸ் என்ற அந்த அணியின் கார்னர்களையும் ஒரு தடவை ரீப்ளேயில் பாருங்கள்.

கேள்வி: நிறைய சாக் எடுத்தால் வெற்றி உறுதிதானே?

பதில்: இல்லை. 1990 நவம்பர் 11, கன்சாஸ் சிட்டியின் டெரிக் தாமஸ் சியாட்டிலின் டேவ் கிரீக்கை ஏழு தடவை சாய்த்தார். ஒரே ஆட்டத்தில் ஏழு! கடைசி ஆட்ட வீச்சில் எட்டாவதுக்கும் கை போட்டுவிட்டார். பிடி நழுவியது. கிரீக் தடுமாறி, நிமிர்ந்து, நேரம் முடியும்போது 25 கெஜம் எறிந்தார். புள்ளி கிடைக்கும் எண்ட் ஸோனில் பால் ஸ்கான்ஸி பிடித்தார். சியாட்டில் 17, கன்சாஸ் சிட்டி 16.